தண்ணியில்லாமல் ஓடிய எஞ்சின்

பரளச்சிக்கு அந்தக் கார் வந்து சேர்ந்தபோது இரண்டு மாடுகள் அதை இழுத்துக்கொண்டு வந்தன.

அறுபத்தொன்பதாம் வருஷம், தை மாதம். முந்தின ஐப்பசியும் கார்த்திகையும் ஏமாற்றிவிட்டுப் போயிருந்தன. மானாவாரிக் கரிசலில் போட்ட பருத்தி முழங்காலுக்கு வராமலே கருகிவிட்டது. கிணறு வைத்திருந்தவர்கள் தோட்டத்தில் மட்டும் கொஞ்சம் பச்சை மிச்சமிருந்தது. சந்தனம்மாளுக்கு அவள் அப்பா வழியில் வந்த தோட்டம் இரண்டரை ஏக்கர். ஒன்றரையில் பருத்தி பூவும் பிஞ்சுமாய் நின்றது, ஒன்றில் மிளகாய். கிணற்றில் தண்ணீர் இருந்தது. அதை மேலே கொண்டுவர வேண்டிய ஆயில் எஞ்சின் ஒன்பது நாளாகப் பிரித்துப் போட்டபடி கிடந்தது.

பிரித்துப் போட்டவன் அவள் புருஷன் உக்கிரபாண்டிதான். பட்டாளத்து ஒர்க் ஷாப்பில் பதினோரு வருஷம் எஞ்சின் பார்த்தவன். ஊருக்கு வந்தபின் சுத்துப்பட்டி முழுக்க ஆயில் எஞ்சின் ரிப்பேர் அவன் கையில்தான். அவர்கள் எஞ்சினில் பேரிங் தேய்ந்து, ஓடும்போது உள்ளே சுத்தியல் அடிக்கிற மாதிரி சத்தம் கேட்டது. பழசைச் சுரண்டிவிட்டு, தகரம் கலந்த ஒயிட் மெட்டலை உருக்கி ஊற்றி, சுரண்டிச் சரிபண்ணிப் பூட்ட வேண்டும். சந்தனம்மாள் இரண்டு வெள்ளாட்டை விற்றுக் கொடுத்தாள். அவன் மதுரைக்குப் போய் ஒரு கட்டி வாங்கி வந்தான். தகரம் கப்பலில் வந்தால்தான் உண்டாம், இனி ரெண்டு மாசத்துக்குச் சரக்கு இல்லை, இதுதான் கடைசிக் கட்டி என்று கடைக்காரர் சொன்னதை அவனே வந்து சொன்னான். அவள் கட்டியைத் துணியில் சுற்றிக் கம்புத் தானியம் கொட்டி வைக்கும் குலுக்கைக்குள் வைத்தாள்.

"நாளைக்கு ஊத்திருவேன்" என்று சொன்னான்.

அந்த நாளைக்குத்தான் கார் வந்தது.

அருப்புக்கோட்டையில் பருத்தி யாவாரம் பண்ணும் குடும்பத்துப் பையன் ராஜகுரு. இருபத்தெட்டு வயசு. கொடைக்கானல் பக்கம் காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன வெள்ளைக்காரனிடம் அந்த இரண்டு சீட்டுக் காரை வாங்கியிருந்தான். சிவப்பு நிறம். தொட்டில் மாதிரித் தாழ்வாக, கூரையில்லாமல், மூக்கு மட்டும் நீளமாக இருந்தது. மதுரையிலிருந்து ஓட்டி வரும்போது ரேடியேட்டர் ஒழுகித் தண்ணீர் வற்றிவிட்டது. சூட்டு முள் கடைசிக்குப் போனதைப் பார்த்தும், முன்னால் போன பஸ்ஸை முந்த வேண்டும் என்று மிதித்திருக்கிறான். பாலவனத்தம் தாண்டி எஞ்சின் இறுகி நின்றுவிட்டது.

"பாண்டியண்ணே, மாசிக் கடைசியில மெட்ராஸ் பக்கம் சோழவரத்துல கார்ப் பந்தயம். பேரு குடுத்துட்டேன்" என்றான் ராஜகுரு. "மதுரையில எல்லாரும் கைய விரிச்சுட்டாக. உங்கள விட்டா ஆளில்ல."

அந்தக் கடைசி வார்த்தை உக்கிரபாண்டியின் முகத்தில் என்ன செய்தது என்று சந்தனம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டாளத்தில் பெரிய ஆபீசர்களின் கார்களைத் தொட்ட கை அது. ஊருக்கு வந்த எட்டு வருஷமாக டொப்பு டொப்பென்று அடிக்கிற ஆயில் எஞ்சினைத் தவிர அவன் காதில் வேறொன்றும் விழவில்லை. அவன் காரின் மூக்கைத் திறந்து உள்ளே குனிந்தான். குனிந்தவன் நிமிரவேயில்லை.

"நம்ம எஞ்சின முடிச்சிட்டு அதத் தொடுங்க" என்றாள் அவள்.

"ரெண்டு நாளு சந்தனம். சும்மா தொறந்து பாத்துட்டு மூடிர்றேன்."

காரை மாட்டுக்கொட்டத்துக்குள் தள்ளினார்கள். கொட்டம் காலியாகத்தான் கிடந்தது. ஆயில் எஞ்சின் வாங்கிய வருஷமே தண்ணீர் இறைத்த கமலை மாடுகளை விற்றாகிவிட்டது.

இரண்டு நாள் நாலானது. நாலு பத்தானது. எஞ்சினைக் கீழே இறக்கிச் சாக்கில் வைத்து, ஒவ்வொன்றாகக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவினான். கழற்றிய நட்டுகளை வரிசை மாறாமல் அடுக்க, அவள் கல்யாணத்துக்கு வந்த தாம்பாளத்தைக் கேட்காமலே எடுத்துக்கொண்டான். ஒரு நாள் அவள் கஞ்சி கொண்டுபோனபோது, ஓரம் உருகி வழிந்திருந்த பிஸ்டன் ஒன்றைத் தூக்கிக் காட்டினான். அவன் கண் சிவந்திருந்தது.

"பாத்தியா. தண்ணி இல்லேன்னு இது எத்தன தடவ கத்தியிருக்கும். காதுல வாங்காம மிதிச்சிருக்கான் பாரு, பாவி."

"எஞ்சினு கத்துறது உங்களுக்குக் கேக்குது" என்றாள் சந்தனம்மாள். "என் தோட்டம் கத்துறது கேக்கலையாக்கும்."

அவன் பிஸ்டனைக் கீழே வைத்தான். "நாளைக்கு" என்றான்.

எம்.ரெட்டியபட்டியில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டிலிருந்து ஒரு ஜோடி மாடு கேட்டு வாங்கி வந்து நாலு நாள் கமலை இறைத்தாள். மருமகனுக்கும் தோட்டம் இருந்தது, மாடு திரும்பிப் போயிற்று. அதற்குப் பிறகு வாளியும் கயிறும்தான். கிடுகிடு பாதாளத்திலிருந்து கையால் இழுத்து, குடத்தில் ஊற்றி, இடுப்பில் வைத்துக் கொண்டுபோய் மிளகாய்ச் செடி ஒவ்வொன்றுக்கும் ஒரு செம்பு. பருத்திக்கு ஊற்ற முடியவில்லை. உள்ளங்கைத் தோல் உரிந்தது. பருத்தியில் முதலில் இலை துவண்டது, பிறகு பூ உதிர்ந்தது. உதிர்ந்த பிஞ்சுகள் நடக்கும்போது காலடியில் நெறுநெறுவென்று நொறுங்கின. ஒவ்வொரு நெறுநெறுப்புக்கும் அவளுக்குள் கோபம் ஏறிற்று.

பக்கத்துத் தோட்டத்து முத்துத்தாய் வரப்பில் நின்று சிரித்தாள். "என்னடி சந்தனம், ஒம் புருசன் ஊரு எஞ்சினையெல்லாம் ஓட விடுறாரு. ஒன் எஞ்சினுக்கு மட்டும் சீக்கு தீரலையே."

சந்தனம்மாள் வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். முத்துத்தாய் சொன்னது பொய்யாக இருந்தால் பதில் சொல்லியிருப்பாள்.

கொட்டத்திலோ வேலை நடந்துகொண்டே இருந்தது. உக்கிரபாண்டி எஞ்சின் பிளாக்கை மதுரைக்குக் கொண்டுபோய்க் கடைசல் பட்டறையில் துளையைப் பெரிதுபண்ணினான். வேறொரு காரின் பிஸ்டனை வாங்கி அதற்குத் தோதாகக் கடைந்தான். வால்வுகளைக் கையாலேயே தேய்த்து மெருகேற்றினான். அவனை அவள் அப்படிப் பார்த்ததில்லை. பெற்ற பிள்ளையைக் குளிப்பாட்டும்போதுகூட அவன் கை அவ்வளவு மெதுவாக இருந்ததில்லை. அவள் வாளி இழுக்கும் சத்தம் கொட்டத்துக்குக் கேட்கும் தூரம்தான். ஒரு தடவை வந்து கயிற்றைப் பிடித்தான். பத்து வாளி இழுத்தான். பிறகு, "அடுப்புல பிஸ்டனுக்கு எண்ணெ காயுது" என்று ஓடிவிட்டான்.

மாசி பிறந்து நாலாம் நாள் காலையில் கம்பு எடுக்கக் குலுக்கைக்குள் கையை விட்டாள். சுற்றி வைத்த துணி கையில் தட்டுப்பட்டது. கனம் தட்டுப்படவில்லை. துணியை உதறினாள். ஒன்றுமில்லை.

அவள் ஓடவில்லை. நடந்துதான் கொட்டத்துக்குப் போனாள். சாக்கின் மேல் பிஸ்டன்களை மாட்டும் காரின் நாலு கனெக்டிங் ராடுகளும் வரிசையாகக் கிடந்தன. ஒவ்வொன்றின் அடிக்கண்ணிலும், பேரிங் உட்காரும் இடத்தில், புதிதாக ஊற்றிச் சுரண்டிய ஒயிட் மெட்டல், வெள்ளி ரூபாய் போல மினுங்கியது. அந்த நிறம் அவளுக்குத் தெரியும்.

"என் கட்டி எங்க?"

உக்கிரபாண்டி கையிலிருந்த சுரண்டியைக் கீழே வைத்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. "வாங்கித் தாரேன் சந்தனம்."

"எங்கேருந்து வாங்குவீக? கப்பலுக்குப் போயா?"

"பந்தயத்துக்கு நாளு நெருங்கிருச்சு. இதுக்கு வேற பேரிங் இந்த நாட்டுலயே கெடையாது. நம்மளது இன்னும் ஒரு மாசம்..."

"ஒரு மாசத்துல அங்க ஒரு செடி நிக்காது. தெரியுமா தெரியாதா?"

அவன் துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். தெரியும் என்று அர்த்தம். பிறகு ஒன்று சொன்னான், அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். ஒரு ராடை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினான். "இதப் பாரு. என் சர்வீஸ்ல நான் இப்படி ஊத்தினதில்ல. ஒரு பொத்தல் இல்ல, ஒரு கீறலு இல்ல."

அவன் குரலில் பெருமை இருந்தது. அவள் வீட்டுக் குலுக்கையிலிருந்து திருடியதைக் கையில் வைத்துக்கொண்டு அவளிடமே பெருமைப்பட்டான். சந்தனம்மாள் அவன் கையிலிருந்ததைப் பிடுங்கினாள். மற்ற மூன்றையும் வாரினாள். துணியில் போட்டு முடிந்தாள்.

"ஏ சந்தனம், கீழ போட்டுறாத. நெளிஞ்சிரும்."

"நான் நெளிஞ்சு போனேன். அதுக்கு ஒரு வார்த்த சொன்னீகளா?"

மூட்டையோடு நேரே கிணற்றுக்குப் போனாள். விளிம்பில் நின்று கீழே பார்த்தாள். கையைத் தளர்த்தினால் போதும். அவன் கொட்டத்து வாசலில் நின்றுகொண்டிருந்தான், அருகே வரப் பயந்து. அவள் கை தளரவில்லை. உள்ளே போடுவதற்கு அது அவன் பொருளில்லை, அவளுடைய பொருள். திரும்பி ரோட்டுக்கு நடந்து, வந்த பஸ்ஸில் ஏறினாள்.

"மூட்டைல என்னம்மா, இந்தக் கனம் கனக்குது?" என்றார் கண்டக்டர்.

"ரெண்டரை ஏக்கர் தோட்டம்" என்றாள்.

அருப்புக்கோட்டையில் ராஜகுருவின் குடோன் பருத்திப் பேட்டைப் பக்கம் இருந்தது. அவளைப் பார்த்ததும் அவன் எழுந்து நின்றான். "வாங்கக்கா. அண்ணே வரலையா? காரு ரெடியாயிருச்சா?" காப்பி வாங்கிவர ஆளை அனுப்பினான். மோசமான பையனில்லை. அதுவும் அவளுக்கு எரிச்சலாகத்தான் இருந்தது.

மேஜைமேல் மூட்டையை அவிழ்த்தாள். "மொதலாளி, இதுல வெள்ளையா மினுங்குதே, இது என் தோட்டத்து எஞ்சினுக்கு வாங்கி வச்ச கட்டி. எனக்குத் தெரியாம எடுத்து உங்க காருக்கு ஊத்தியிருக்காக. என் எஞ்சினு நின்னு ஒரு மாசமாச்சு. செடி காயுது. உங்க குடோன்ல ஆயில் எஞ்சினு ரெண்டு இருக்குன்னு கேள்விப்பட்டேன். ஒண்ண வண்டியில ஏத்தி என் கெணத்துல எறக்குங்க. வெள்ளாமை முடிஞ்சதும் எடுத்துக்கிடுங்க. இத நீங்க வச்சுக்கிடுங்க."

ராஜகுரு ராடைத்தான் பார்த்தான். கையில் எடுத்துத் தடவினான். "அடேயப்பா. பாண்டியண்ணே பாண்டியண்ணேதான்." பிறகுதான் அவளைப் பார்த்தான். "எஞ்சின அனுப்ப அப்பா விட மாட்டாகக்கா. பந்தயம் முடியட்டும். நான் மெட்ராஸ்லேருந்தே ரெண்டு கட்டி வாங்கிட்டு வாரேன்."

"பந்தயம் முடியறதுக்குள்ள என் செடி முடிஞ்சிரும்."

"மிஞ்சிப்போனா எத்தன மூடை வரப்போகுது? பத்தா? காஞ்சாலும் காயாட்டியும் அந்தப் பத்து மூடைக்கு நான் பொறுப்பு. போதுமா?"

அவன் நல்லவிதமாகத்தான் சொன்னான். தீர்த்துவிட்டோம் என்று சிரிக்கவும் செய்தான். சந்தனம்மாள் தன் இரண்டு கைகளையும் விரித்து அவன் முன்னால் நீட்டினாள். உள்ளங்கையில் புது ரணமும் பழைய ரணமும் ஒன்றாய்க் கிடந்தன.

"தம்பி" என்றாள். மொதலாளி என்று சொல்ல அதன்பிறகு அவளுக்கு வாய் வரவில்லை. "இதுக்கு என்ன வெல போடுவீக? தண்ணி இல்லாம ஒரு எஞ்சின ஓட்டிக் கொன்னீக. இப்ப என் தோட்டத்தக் கொல்லுறீக. ரெண்டுக்கும் மேல ஏறி உக்காந்து பந்தயம் ஓட்டப் போறீகளாக்கும்."

ராஜகுருவின் முகம் மாறிவிட்டது. கணக்குப்பிள்ளையும் சுமைக்காரர்களும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏம்மா, பொம்பளைன்னு பாக்கிறேன். அத வச்சிட்டுப் போங்க. நான் உங்க வீட்டுக்காரர்ட்ட பேசிக்கிடுறேன்."

அவள் மூட்டையை முடிந்தாள். அவன் கை மூட்டைமேல் விழுந்தது. அவள் அந்தக் கையைப் பார்த்தாள், அவ்வளவுதான். அவன் எடுத்துக்கொண்டான். காப்பி வந்தபோது அவள் தெருவில் இறங்கியிருந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸைப் பாதி வழியில் ராஜகுரு வீட்டு அம்பாசடர் புழுதி கிளப்பிக்கொண்டு முந்திப் போயிற்று. எதற்குப் போகிறது என்று அவளுக்குத் தெரிந்தது. இரண்டு ஆம்பிளைகளும் சேர்ந்து பேசி முடித்திருப்பார்கள் என்று நினைத்தாள். பஸ் ஒவ்வொரு ஊராய் நின்று நின்று போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

வீட்டு முன்னால் கூட்டம் சேர்ந்திருந்தது. ராஜகுரு உக்கிரபாண்டியிடம் கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் சத்தமாகவே சொன்னான். "இந்தா வாராக. உங்க வீட்டம்மா என் காரு சாமானத் திருடிட்டு டவுன் டவுனா சுத்துறாக. ஸ்டேசனுக்குப் போகாம நான் இங்க வந்தது உங்க மூஞ்சிக்காகத்தான்."

திருட்டு என்ற சொல்லைக் கேட்டு முத்துத்தாய்கூட வாயைப் பொத்திக்கொண்டாள்.

உக்கிரபாண்டி மனைவியிடம் வந்து கையை நீட்டினான். "குடு சந்தனம்."

ராஜகுருவிடம் கொடுத்துவிடத்தான் போகிறான் என்று நினைத்தாள். அவளுக்குள் இருந்ததெல்லாம் ஒரே கட்டியாய் இறுகிற்று. மூட்டையை அவன் காலடியில் போட்டாள். "எடுங்க. எடுத்து அவுகளுக்குக் குடுங்க. வேணும்னா வீட்டையும் உருக்கி ஊத்துங்க."

அவன் உட்கார்ந்து முடிச்சை அவிழ்த்தான். நாலையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். எழுந்து கொட்டத்துக்குள் போய்க் கரியடுப்பை மூட்டினான். நெருப்பு பிடித்ததும் இரும்புக் கரண்டியை வைத்து, அதற்கு மேலே முதல் ராடைக் குறட்டால் பிடித்தான்.

ராஜகுருவுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. "அண்ணே, என்ன செய்றீக?"

"கட்டி அவளோடது. அவளக் கேக்காம எடுத்தது நான்" என்றான் உக்கிரபாண்டி. "திருட்டுன்னா எம் பேரச் சொல்லுங்க தம்பி. ஸ்டேசனுக்குப் போனாலும் எம் பேரையே எழுதிக் குடுங்க."

"மூணு வாரத்து வேலைண்ணே அது."

"மூணு வாரம் நாலு நாளு."

அனல் போதவில்லை. அவன் துருத்தியைப் பார்த்தான், பிறகு அவளைப் பார்த்தான். சந்தனம்மாள் அசையவில்லை. ராஜகுரு அவன் தோளைப் பிடிக்கப் போனான். அதைப் பார்த்ததும் அவள் போய்த் துருத்தியைப் பிடித்து ஊதத் தொடங்கினாள். புருஷன்மேல் இரக்கப்பட்டு ஊதவில்லை. அந்த நேரத்தில் ராஜகுருமேல் இருந்த ஆத்திரம் புருஷன்மேல் இருந்ததைவிட ஒரு படி கூடுதலாக இருந்தது.

ராடின் கண்ணிலிருந்து வெள்ளையாக ஒரு சொட்டு விழுந்தது. பிறகு சொட்டுச் சொட்டாய் விழுந்து கரண்டியில் ஒன்று கூடிற்று. இரண்டாவது ராடைக் குறட்டால் பிடிக்கும் முன் அவன் அதை ஒரு தடவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதை அவள் கவனித்தாள். அதைப் பார்த்து அவள் மனசு ஒரு கணம் இளகியது. இளகியதற்காக இன்னும் கோபம் வந்தது. துருத்தியை வேகமாக அழுத்தினாள்.

நாலாவது ராடு முடியும்போது ராஜகுரு அம்பாசடர் கதவை அறைந்து சாத்தினான். "நாளைக்கே லாரி வச்சுக் கார எடுத்துக்கிடுறேன்."

"எடுத்துக்கிடுங்க. நட்டு ஒண்ணு குறையாம தாம்பாளத்துல இருக்கு" என்றான் உக்கிரபாண்டி.

மறுநாளே அவன் தன் எஞ்சினுக்கு ஊற்றினான். இரண்டு நாள் உட்கார்ந்து, உரசும் இடம் தெரிய நீலம் தடவித் தடவிப் பொருத்திப் பார்த்துச் சுரண்டினான். மூன்றாம் நாள் மத்தியானம் எஞ்சின் பிடித்தது. குழாயிலிருந்து தண்ணீர் வந்து வாய்க்காலில் விழுந்தபோது வெடித்த கரிசல் அதை உறிஞ்சிய சத்தம் சந்தனம்மாளுக்குக் கேட்டது. பருத்தியில் பாதிக்கு மேல் உதிர்ந்து முடிந்திருந்தது. நின்றது நின்றது, போனது போனதுதான். மிளகாயில் அவள் கையால் ஊற்றிய பக்கம் பிழைத்தது. எடுத்த பருத்தியை அவள் அருப்புக்கோட்டைக்கு அனுப்பவில்லை. தூரம் கூடினாலும் பரவாயில்லை என்று விருதுநகருக்கு வண்டி கட்டினாள்.

புருஷனுக்கு நேரத்துக்குச் சோறு போட்டாள், பேச்சை மட்டும் போடவில்லை. அவன் எதையாவது சொல்லிப் பார்ப்பான். "மொளகாக்கு வெல ஏறியிருக்காம்" என்பான். அவள் சட்டியைக் கழுவிக்கொண்டிருப்பாள். கட்டியை எடுத்ததைக்கூட அவள் ஒரு மாதிரி ஜீரணித்துவிட்டாள். அவன் அதைக் கொண்டு அவ்வளவு அழகாக ஊற்றியதைத்தான் ஜீரணிக்க முடியவில்லை. அப்படி ஒரு வேலை இவன் கையில் இத்தனை நாள் இருந்திருக்கிறது. அவள் எஞ்சினுக்கு ஒரு நாள்கூட அது வந்ததில்லை.

லாரி வரவில்லை. பந்தயம் முடிந்து போயிற்று. பிரித்துப் போட்ட எஞ்சினை இன்னொருவன் சேர்க்க முடியாது என்று ராஜகுருவுக்கும் தெரியும். கார் கொட்டத்திலேயே புழுதி மூடி நின்றது.

சித்திரையில் ஒரு நாள் காலையில் ராஜகுரு பஸ்ஸில் வந்து இறங்கினான். வெயிலில் நடந்து நேரே தோட்டத்துக்கு வந்து சந்தனம்மாள் முன்னால் ஒரு பையை வைத்தான். உள்ளே இரண்டு கட்டி ஒயிட் மெட்டல்.

"ஒண்ணு உங்களுக்கு. ஒண்ணு காருக்கு" என்றான். கொஞ்சம் நின்றான். "அன்னைக்கு நாலு பேரு முன்னாடி அந்த வார்த்தையச் சொன்னது தப்புக்கா."

மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அவனைப் பார்த்தாள். மன்னித்தேன் என்று அவள் சொல்லவில்லை. அவன் எதிர்பார்த்த மாதிரியும் தெரியவில்லை.

"ரெண்டும் எங்கிட்ட இருக்கட்டும்" என்றாள். "என் எஞ்சினுக்கு ஆனது போக மிச்சந்தான் காருக்கு. எப்ப எடுக்கணும்னு நான் சொல்லுவேன்."

பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அன்று ராத்திரிச் சோற்றுக்கு உட்கார்ந்த புருஷனிடம் இரண்டு மாதத்தில் முதல் தடவையாகப் பேசினாள். "வெள்ளாமைக்குத் தண்ணி மொதல்ல. அது ஓடுற சத்தம் கேட்டுக்கிட்டே இருந்தா நீங்க என்னத்தையும் செய்யுங்க."

அவன் தலையாட்டினான்.

ஆனி மாதம் உக்கிரபாண்டி சாவி கேட்டு வந்தான். ஆயில் எஞ்சினைத் திறந்து, துடைத்து, எண்ணெய் மாற்றிவிட்டு வந்துதான் கேட்டான். அவள் கொடுத்தாள். முதல் ஊற்று ஓட்டை விழுந்து வீணாயிற்று. இரண்டாவதும் சரியில்லை. மாசியில் ஊற்றிய மாதிரி வரவில்லை என்று தனக்குத்தானே திட்டிக்கொண்டான். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள், நல்லா வேணும் என்று நினைத்தாள். மூன்றாவது நின்றது. பிறகு பிஸ்டன் ஏறியது, ஹெட் ஏறியது, எஞ்சின் காருக்குள் இறங்கியது. ஆவணியில் ஒரு நாள் அவள் களை எடுத்துக்கொண்டிருந்தபோது அந்தச் சத்தம் வந்தது.

பஸ்ஸு மாதிரியும் இல்லை, டிராக்டர் மாதிரியும் இல்லை. முதலில் இரண்டு இருமல். பிறகு கரகரப்பே இல்லாமல், ஒரே சீராக, நல்ல தறியில் நூல் ஓடுகிற மாதிரி ஒரு ஓட்டம். அவன் மிதித்தபோது அந்த ஓட்டம் எழும்பி வயலுக்கு மேலே வந்தது. அது மோசமாக இருக்க வேண்டும் என்று எத்தனை தடவை நினைத்திருப்பாள். மோசமாக இல்லை. இதற்காகத்தானா என்று நினைத்ததும் மாசி மாதத்துக் கோபம் முழுக்க, ஒரு துளி குறையாமல் அவளுக்குள் திரும்பி வந்தது.

ராஜகுரு வந்து கேட்டுவிட்டுக் காரின் மூக்கின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். புது எஞ்சினை ஐந்நூறு மைல் மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும், இருபத்தஞ்சு மைல் வேகத்துக்கு மேலே போகக் கூடாது என்று உக்கிரபாண்டி சொன்னான்.

"எங் கால நானே நம்பலண்ணே" என்றான் ராஜகுரு. "நீங்களே பழக்கிக் குடுங்க."

மறுநாள் காலையில் வீட்டு வாசலில் காரை நிறுத்திவிட்டு உக்கிரபாண்டி உள்ளே வந்தான். "திருச்சுழி வரைக்கும் போய்ட்டு வரணும். வாரியா சந்தனம்?"

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வர மாட்டேன் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். என்னவோ தோன்றியது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் ஏறி உட்கார்ந்தாள்.

ஊர் தாண்டும்வரை ஒன்றும் பேசவில்லை. இரண்டு பக்கமும் உடைமரம், வெட்டவெளிக் கரிசல். காற்று முகத்தில் அடித்தது. முதல் பாலம் தாண்டியதும் தொடங்கினாள்.

"ஒம்பது நாளு பிரிச்சுப் போட்டுக் கிடந்துச்சு. நாளைக்கு நாளைக்குன்னு சொன்னீக. நான் நம்புனேன்." குரல் தணிவாகத்தான் தொடங்கியது. எஞ்சின் சத்தத்துக்கு மேலே கேட்க வேண்டுமே என்று ஏறியது. வாளி இழுத்ததைச் சொன்னாள். கை ரணத்தில் மிளகாய்ச் சாறு பட்டு எரிந்ததைச் சொன்னாள். அவன் பத்து வாளி இழுத்துவிட்டு ஓடினதைச் சொன்னாள். முத்துத்தாய் சிரித்ததை, மருமகன் மாட்டைக் கேட்டு வாசலில் நின்றதை, தாம்பாளத்தை, குலுக்கைக்குள் கையை விட்ட காலையை, அவன் காட்டிய பெருமையை எல்லாம் சொன்னாள். அதற்கு முந்தினதும் வந்தது. அவன் பதினோரு வருஷம் பட்டாளத்தில் இருந்தபோது அவள் தனியாக உழுததும் விதைத்ததும், அவன் அப்பா சாவுக்கு அவளே கொள்ளிக்குடம் வாங்கிக் கொடுத்ததும். எதிரே ஆட்டை ஓட்டி வந்தவர் ஆடுகளை ஒதுக்கிவிட்டு, காரில் போகும் சண்டையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

உக்கிரபாண்டிக்கு வேகமாகப் போய்த் தப்பிக்க முடியாது. எஞ்சின் புதுசு. முள்ளை இருபத்தஞ்சில் வைத்துக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடி, எல்லாவற்றையும் கேட்டான். "ஆமா" என்று இரண்டு தடவை சொன்னான். "இல்லை" என்று ஒரு தடவையும் சொல்லவில்லை.

திருச்சுழிக் கோயில் கோபுரம் தெரிந்தது. ஊருக்குள் நுழையும் முன்னால் ரோட்டோரம் காரை நிறுத்தினான். அவளுக்கு மூச்சு வாங்கியது. தொண்டை கட்டியிருந்தது. அவன் இறங்கிப் போய் டீக்கடையில் ஒரு செம்பு தண்ணீர் வாங்கி வந்து கொடுத்தான். அவள் முழுக்கக் குடித்தாள்.

"இன்னும் இருக்கா?" என்றான்.

"இருக்கு."

அவன் ஏறி உட்கார்ந்து காரைத் திருப்பினான். பரளச்சிக்குப் போகிற ரோட்டை விட்டுவிட்டு, எம்.ரெட்டியபட்டி வழியாகச் சுற்றிக்கொண்டு போகிற நீண்ட ரோட்டில் மெதுவாக விட்டான். சந்தனம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள்.